இடது கன்னத்து மறு: ஒரு மணப்பெண் படத்தின் நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் மாதம், கல்முனைக்குத் தெற்கே ஒரு சந்தியில் 10 அடி உயரத்துக்கு ஒரு பனர் கட்டினார்கள். மணப்பெண் அலங்காரம் செய்யும் பார்லர் ஒன்றின் விளம்பரம். இடப்பக்கம் ஒரு பெண்ணின் முகம், அதற்கு மேல் 'முன்' என்று எழுதியிருந்தது. வலப்பக்கம் அதே பெண், அதற்கு மேல் 'பின்'. 11 நாள் அந்தப் பனர் அங்கே நின்றது. இரண்டு முகங்களையும் கொம்பியூட்டரில் திருத்தியவன் நான். தன்னுடைய படம் விளம்பரத்துக்குப் போவது படத்தில் இருந்தவருக்குத் தெரியாது.

இதை எழுதலாமா என்று முதலில் அவரிடம்தான் கேட்டேன். பெயரும் ஊரும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் என்றார். பார்லர் நடத்தும் அக்காவோடும், படம் எடுத்த ஸ்ரூடியோக்கார அண்ணனோடும் திரும்பவும் இருந்து பேசினேன். பழைய ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். என் தொழிலில் நாள்தோறும் நடக்கிற ஒரு காரியம் எந்த இடத்தில் பிழையாகிறது என்று எனக்கே தெளிவாகத் தெரிய வேண்டியிருந்தது.

படம் என் கைக்கு வந்த வழி

மட்டக்களப்பு முதல் அக்கரைப்பற்று வரை ஆறேழு ஸ்ரூடியோக்களுக்குக் கலியாணப் படங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. வீட்டில் இருந்துதான் செய்கிறேன். ஹார்ட் டிஸ்க்கைக் கவருக்குள் போட்டு ஒட்டி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து விடுவார்கள். களுவாஞ்சிகுடியில் போய் நின்று வாங்கிக்கொள்வேன். ஒரு கலியாணத்துக்கு 2000 படத்துக்கு மேல் வரும். அதில் 150, 200 படம் அல்பத்துக்குப் போகும். மணமக்களை நான் காண்பதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய முகத்தின் தோல்தான், அதுவும் 200 வீதம் பெருப்பித்து.

எந்த ஸ்ரூடியோவாக இருந்தாலும் சொல்வது ஒன்றுதான்: தோலை ஸ்மூத் பண்ணுங்க, ரெண்டு படி வெளிச்சமாக்குங்க. யாரும் எழுதித் தருவதில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்த விதி அது. அல்பம் ஓடர் எடுக்கும் துண்டில் பக்கம் எத்தனை, லாமினேஷன் எது, அட்டை என்ன நிறம் என்று எல்லாம் இருக்கும். முகத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இந்தப் பெண்ணுக்கு இடது கன்னத்தில், உதட்டு ஓரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மறு. மிளகு அளவு. ஹீலிங் பிரஷ்ஷை வைத்து ஒரு அழுத்து, போய்விடும். அல்பத்தில் அவருடைய இடது கன்னம் தெரியும் படங்களைப் பின்னால் எண்ணிப் பார்த்தேன், 64. அத்தனையிலும் அந்த மறு என் கண்ணில் பட்டிருக்கிறது, அத்தனையிலும் எடுத்திருக்கிறேன். இது அவருடையது, கேட்டுவிட்டு எடுப்போம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

வெளிச்சமாக்கியதில் இன்னொன்று நடந்தது. முகத்தை மட்டும் தூக்கினால் கழுத்தும் கையும் வேறு நிறமாக நிற்கும். ஆகவே அவற்றையும் தூக்க வேண்டும். கையைத் தூக்கியதும் மருதோன்றி வெளுத்து, தோடம்பழச் சாறு சிந்தியதுபோல் ஆகிவிட்டது. பிறகு மருதோன்றிக் கோடுகளை மட்டும் தனியாகப் பிரித்து, திரும்பக் கறுப்பாக்கினேன். ஒரு படத்துக்கு அரை மணித்தியாலம். அந்த மருதோன்றி நல்ல சிவப்பாகப் பிடித்திருந்தது, அதை வெளுக்க வைத்ததே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. நல்லாச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அல்பம் போய்ச் சேர்ந்தது. "வடிவாக் கிடக்கு" என்று அம்மா சொன்னாராம். மகள் ஒன்றும் சொல்லவில்லையாம். ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நாங்கள் எல்லாரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பனர்

இரண்டு மாதம் கழித்து பார்லர் அக்கா ஸ்ரூடியோவிடம் அந்தப் படத்தைக் கேட்டிருக்கிறார். அண்ணன் கொடுத்துவிட்டார். பெண் வீட்டில் கேட்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை, நான் எடுத்த படம்தானே என்று நினைத்தேன் என்றார் என்னிடம். முன், பின் என்று இரண்டு படம் வேண்டும். ஆனால் 'முன்' படம் என்று ஒன்றை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. கலியாணத்தன்று விடிய நாலரை மணிக்குப் பார்லர் கதிரையில் தலைமுடியை விரித்தபடி அவர் இருந்ததை ஸ்ரூடியோப் பொடியன் விளையாட்டாக ஒன்று எடுத்திருந்தான். ரியூப் லைட் வெளிச்சம், நித்திரை இல்லாத கண். அதைத்தான் எனக்கு அனுப்பினார்கள்.

கூடவே ஒரு குரல் செய்தி: "தம்பி, இத இன்னும் கொஞ்சம் டல்லா எடுங்க. வித்தியாசம் தெரியோணும்."

செய்தேன். வெளிச்சத்தைக் கீழே இழுத்தேன். சிவப்பைக் குறைத்து, தோலில் ஒரு பச்சைச் சாயல் வரவிட்டேன். கண்ணுக்குக் கீழே இருந்த நிழலைக் கூட்டினேன். அந்த மறுவை இந்தப் படத்தில் எடுக்கவில்லை. விளிம்பைக் கூராக்கி இன்னும் துலக்கமாக்கினேன். அல்பத்தில் 64 தடவை அழித்ததை இங்கே தேடிப் போய்ப் பெரிதாக்கியிருக்கிறேன். 20 நிமிட வேலை.

ரியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த அந்தப் பெண்ணின் தங்கச்சிதான் முதலில் கண்டிருக்கிறாள். அதற்குள் பார்லரின் பேஸ்புக் பக்கத்திலும் அதே படம் காசு கட்டி விளம்பரமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவரும் அம்மாவும் ஸ்ரூடியோவுக்கு வந்தபோது, ஹார்ட் டிஸ்க் கொடுக்கப் போன நானும் அங்கே இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. போனில் இருந்த பனர் படத்தைக் காட்டினார்.

"அண்ணா, ரெண்டாவது படத்த விடுங்க. அது கலியாணப் படம், எல்லாரும் அப்பிடித்தான் செய்யிற. முதலாவது படத்தில இருக்கிறது ஆரு? நான் ஒரு நாளும் இப்பிடி இருந்ததில்லயே."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா சொன்னார்: "பக்கத்து வீட்டுக்காரி கேக்கிறா, ஒண்ட மகளுக்கு இவ்வளவு வெள்ளை அடிச்சா கட்டிக் குடுத்த எண்டு."

சரி, எடுத்துவிடுகிறோம் என்று அண்ணன் உடனே சொன்னார். பனர் இறங்க இன்னும் மூன்று நாள் போனது. பேஸ்புக்கில் அன்றைக்கே அழித்தார்கள்.

அம்மம்மாவின் பச்சைச் சேலை

மன்னிப்புக் கேட்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அம்மம்மாவுக்கு இருந்த வளவு அம்மாவுக்கு வந்து, இப்போது மகளுக்கு வந்திருக்கிறது. அதனால் அந்த வீட்டு விறாந்தைச் சுவரில் அம்மம்மாவின் பெரிய படம்.

அந்தப் பச்சைச் சேலையைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். ஆட்களோடு வீடுகளும் அல்பங்களும் போயின. 2005இல் நான் மட்டக்களப்பில் ஒரு ஸ்ரூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். ஒரு வருடம் முழுக்க எங்களுக்கு அந்த வேலைதான். எங்கேயோ தூரத்து உறவுக்காரர் வீட்டில் தப்பியிருந்த கூட்டுப் படம் ஒன்றைக் கொண்டு வருவார்கள். நகம் அளவு முகம். அதை வெட்டி, பெருப்பித்து, ஓர் உடம்பில் வைப்போம். எங்களிடம் இருந்தது நாலைந்து உடம்புதான்: ஒரு கோட்டும் ரையும், சால்வை போட்ட ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு அரக்குச் சேலை, தங்கக்கரை போட்ட ஒரு பச்சைச் சேலை. இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் கழுத்துக்குக் கீழே ஒரே ஆள் இருப்பார். அம்மம்மாவின் படம் என் கையா, என்னோடு இருந்தவர் கையா என்று சொல்ல முடியாது. சேலை எங்களுடையதுதான்.

அம்மம்மாவின் இடது கன்னத்திலும் ஒரு மறு. பேத்தியினுடையதைவிடக் கொஞ்சம் மேலே.

"அந்தக் கூட்டுப் படத்தில மறு தெரியல்ல மனே," என்றார் அம்மா. "கொம்பியூட்டர்ல நான்தான் விரல வெச்சுக் காட்டின, இதிலதான் இருந்த எண்டு. அது இல்லாட்டி எங்கட அம்மா இல்லயே."

ஆக, அந்தப் படத்தில் சேலை அவருடையதல்ல. தோள் அவருடையதல்ல. பின்னால் இருக்கிற நீலத் திரை எந்தக் காலத்திலும் அங்கே இருந்ததில்லை. மறுவைக்கூட ஒரு பொடியன் பிரஷ்ஷால் வைத்திருக்கிறான். ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் அதனால் ஏமாறவில்லை. எது வைத்தது, எது உள்ளது என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டு, விரல் வைத்துக் காட்டி, அவர்களே செய்வித்த படம். அதற்குக் கீழே இருந்துகொண்டு, அதே மறுவை அதே வீட்டுப் பிள்ளையின் முகத்திலிருந்து ஏன் எடுத்தேன் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்ரூடியோ வழக்கம் என்றுதான் சொல்ல முடிந்தது.

எவ்வளவு திருத்தினோம் என்பதை வைத்து இந்தத் தொழிலில் நல்லது கெட்டது அளக்கிறார்கள். கொஞ்சம் செய்தால் சரி, கூடச் செய்தால் பிழை என்று. அந்த விறாந்தையில் எனக்கு அந்த அளவுகோல் உடைந்துபோனது. அந்தச் சுவரில் இருந்ததைவிடக் கூடத் திருத்தப்பட்ட படம் இருக்க முடியாது.

ஃபைலைத் திறந்து பார்த்தபோது

வீட்டுக்கு வந்து கமராவிலிருந்து வந்த மூல ஃபைல்களையும் பனர் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு எவ்வளவு என்பது 0 முதல் 255 வரை ஓர் இலக்கமாக இருக்கும், இலக்கம் கூடினால் தோல் வெளிச்சமாகத் தெரியும். கன்னத்தில் ஒரே இடத்தை எடுத்துக்கொண்டேன். விடியற்காலைப் படத்தில், நான் தொடுவதற்கு முன், 171. பனரின் 'முன்' படத்தில் 124. அலங்காரம் முடிந்து மணவறையில் எடுத்த படத்தில், நான் தொடுவதற்கு முன், 183. பனரின் 'பின்' படத்தில் 219. ரியூப் லைட்டும் மணவறை விளக்கும் வேறு வேறு, ஆகவே இந்த இலக்கங்களைத் துல்லியமான ஒப்பீடாக எடுக்கக்கூடாது. என்றாலும் கதை தெரிகிறது. கமரா கண்ட வித்தியாசம் 12. சந்தியில் நின்ற வித்தியாசம் 95. மிச்சம் 83 என் கையால் வந்தது. அதிலும் பெரும் பகுதி, 47, 'முன்' படத்தை இருட்டாக்கியதால் வந்தது.

இதை பார்லர் அக்காவிடம் காட்டினேன். அவர் கடன் எடுத்துக் கடை போட்டவர், அக்கம்பக்கத்தில் நாலு பார்லரோடு போட்டி. "எல்லாரும் இப்பிடித்தானே போடுறாங்க தம்பி" என்றார். பொய் இல்லை, எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் நிறப்பட்டையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டும் கிறீம் விளம்பரங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 'ஃபெயார் அன்ட் லவ்லி' 2020இல் 'குளோ அன்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. எங்கள் கண்ணுக்குள் இருக்கிற பட்டை இன்னும் மாறவில்லை.

ஆனால் மூலப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது அக்காவின் முகம் மாறியது. அன்றைக்கு அவர் அந்தப் பெண்ணின் மாநிறத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஃபவுண்டேஷனை இரண்டு மூன்று கலந்து எடுத்திருக்கிறார், முகமும் கழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று. கண்ணிமையில் மயிர் அளவு கோடு. அவ்வளவும் மூலப் படத்தில் இருக்கிறது. பனரில் ஒன்றும் இல்லை. வெள்ளை அடித்ததில் அவருடைய கைவேலையும் சேர்ந்து போய்விட்டது. "இதயே போட்டிருக்கலாமே" என்றார், மெதுவாக.

2011இல் பிரித்தானியாவில் இதே கேள்வி பெரிய இடத்தில் எழுந்தது. லொரியால் என்ற அழகுசாதன நிறுவனத்தின் இரண்டு விளம்பரங்களை அங்குள்ள விளம்பரத் தர அதிகார சபை தடை செய்தது. ஒன்றில் நடிகை ஜூலியா ரொபர்ட்ஸ், மற்றதில் மொடல் கிறிஸ்டி டர்லிங்டன். முகத்தில் தெரிந்த பலன் பூச்சினால் வந்ததா, பிறகு செய்த திருத்தத்தால் வந்ததா என்று நிறுவனத்தால் சபைக்குத் திருப்தியாகக் காட்ட முடியவில்லை. எங்கள் சந்திப் பனரின் பிழையும், விளம்பரம் என்ற வகையில், அதுதான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வியாபாரத்தில் ஆட்களைப் பிழையாக நம்பவைக்கும் நடத்தையைத் தடுக்கிறது. அது வாடிக்கையாளருக்கான பாதுகாப்பு. முகத்தைக் கொடுத்த பெண்ணுக்கு என்ன நடந்தது என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்குக்கு எனக்கு நினைவு வருவது 1994 ஜூன் மாத 'டைம்' சஞ்சிகையின் அட்டை. கொலைக் குற்றச்சாட்டில் கைதான கறுப்பின விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சனைப் பொலிஸ் எடுத்த படத்தை 'நியூஸ்வீக்' உள்ளபடி போட்டது. 'டைம்' அதே படத்தை இருட்டாக்கிப் போட்டது. இரண்டும் ஒரே வாரம் கடைகளில் தொங்கின, கறுப்பாக்கி ஆளைப் பயங்கரமாகக் காட்டுகிறார்கள் என்று அமெரிக்காவில் பெரும் எதிர்ப்பு வந்தது. ஒருவரை வெள்ளையாக்குவதைப் பற்றித்தான் நாங்கள் எப்போதும் பேசுகிறோம். இருட்டாக்குவது அதைவிடக் கொடிது என்பது என் எண்ணம். வெள்ளையாக்கிய படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். இருட்டாக்கிய படம், நீ உண்மையில் இதுதான் என்று ஊருக்குச் சொல்கிறது. அந்தப் பெண் ஸ்ரூடியோவில் கேட்டதும் அதைத்தான், என்னைவிட நன்றாக.

ஸ்ரூடியோக்காரரின் வாதம்

அண்ணன் இன்றைக்கும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "அவவே ஃபில்டர் போட்டுத்தானே வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறா?" என்று கேட்டார். உண்மைதான். இப்போதைய போன்கள் பலதில் ஃபில்டர் போடாவிட்டாலும் முகம் கொஞ்சம் மழமழவென்றுதான் வரும். ஆனால் அந்த ஃபில்டரின் விரல் அவருடையது. போடுவதும் அவர், எடுப்பதும் அவர், யார் பார்க்கலாம் என்று வைப்பதும் அவர். பனரில் அந்த மூன்றும் எங்கள் கையில் இருந்தன.

திருத்தாமல் இருக்க ஸ்ரூடியோக்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. இதே அண்ணன் கடவுச்சீட்டுப் படமும் எடுக்கிறார். அனுமதி பெற்ற ஸ்ரூடியோ என்பதால் படத்தை இணையம் வழியாகத் திணைக்களத்துக்கு அவரே ஏற்ற வேண்டும். அங்கே ஒரு பருவைக்கூடத் தொடமாட்டார். அந்தப் படத்தை விமான நிலையத்தில் ஒருவர் உண்மை என்று நம்பிப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். கலியாணம் பேசக் கொடுக்கும் படமும் அப்படி நம்பிப் பார்க்கப்படும் படம்தான். "கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க" என்று தாய்மார் கேட்டு எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து நேரில் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வரும் மாற்றத்தைத் தாங்க வேண்டியது அந்தப் பெண்தான், நான் இல்லை. அந்த வேலையை 2023க்குப் பிறகு எடுப்பதில்லை.

வெளிநாடுகளில் முத்திரை போடச் சொல்கிறார்கள். இஸ்ரேலில் 2013 முதல், உடம்பை மெலிவாக்கிய விளம்பரத்தில் பரப்பளவின் 7 வீதத்துக்கு அறிவிப்பு இருக்க வேண்டும். பிரான்ஸில் 2017 ஒக்டோபர் முதல், விளம்பரத்தில் மொடலின் உடம்பை மெலிவாக்கினாலோ பருமனாக்கினாலோ 'திருத்தப்பட்ட படம்' என்று போட வேண்டும், மீறினால் 37,500 யூரோ தண்டம். நோர்வேயில் 2022 ஜூலை முதல் உடம்பின் வடிவம், அளவு, தோல் எதைத் திருத்தினாலும் சொல்ல வேண்டும், சமூக ஊடகத்தில் காசு வாங்கிப் படம் போடுகிறவர்களும்கூட. நல்ல சட்டங்கள். எங்கள் பனரின் மூலையில் அப்படி ஒரு முத்திரை இருந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரி அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. முத்திரை பார்க்கிறவரை எச்சரிக்கும். படத்தில் இருப்பவரிடம் ஒன்றும் கேட்காது.

பிறகு செய்தது

அல்பத்தை என் செலவில் திரும்ப அடித்துத் தருகிறேன் என்றேன். எல்லாத் திருத்தத்தையும் எடுத்துவிட்டுத் தரவா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல அண்ணா. கண்ணுக்குக் கீழ இருக்கிற கறுப்ப எடுங்க, அண்டைக்கு நித்திர இல்ல. நெத்தியில பரு ஒண்டு வந்திருந்த, அதயும் எடுங்க. மறுவ விடுங்க. நிறத்த விடுங்க." போகிறதை எடு, இருக்கிறதை விடு. நான் இத்தனை வருடம் தொழில் செய்து கண்டுபிடிக்காத கோட்டை அவர் ஒரு மூச்சில் கிழித்துக் காட்டினார். அதன்படியே செய்தேன். இரண்டாம் தடவை மருதோன்றிக்கு நான் ஒன்றும் செய்ய வேண்டி வரவில்லை, அது தன் சிவப்பிலேயே நின்றது.

இப்போது அல்ப வேலை வந்தால் மணமக்களோடு நானே வட்ஸ்அப்பில் பேசுகிறேன். முகத்தில் எதை எடுக்க, எதைத் தொடக்கூடாது, படம் வீட்டுக்கு மட்டுமா, வெளியில் போகலாமா. வெளியில் என்றால் எங்கே, எவ்வளவு நாள். ஒரு ஸ்ரூடியோ இதனால் வேலை தருவதை நிறுத்திவிட்டது, வாடிக்கையாளரின் நம்பரை எனக்குத் தர விருப்பமில்லை என்று. இரண்டு ஸ்ரூடியோக்கள் தங்கள் ஓடர்த் துண்டிலேயே இந்தக் கேள்விகளை அச்சடித்திருக்கின்றன. "இன்னும் வெள்ளையா எடுங்க" என்று மணப்பெண்ணே கேட்கும் நாளும் உண்டு. வீட்டு அல்பத்துக்கு என்றால் செய்துகொடுக்கிறேன், ஒரு தடவை மூலப் படத்தையும் அனுப்பி, இதையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு. மனம் முழுதாகச் சம்மதித்துச் செய்கிறேன் என்று சொல்லமாட்டேன். விளம்பரத்துக்கு என்றால் இல்லை.

பார்லர் அக்கா போன வருடம் புதுப் பனர் போட்டார். ஒரே கதிரை, ஒரே ஜன்னல் வெளிச்சம், சம்மதித்து வந்த வேறொரு பெண். வித்தியாசம் சின்னதுதான். ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியுமா என்று பயந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சந்தியில் நிற்க வைத்துக் கேட்டார். கண்ணிமைக் கோடு தூரத்திலிருந்தே தெரிந்தது.

போன மாதம் கட்டாரில் இருக்கும் என் மச்சான் ஒரு படம் அனுப்பினான், "இது உன்ட வேலையா?" என்று கேட்டு. வேறொரு ஊரில் வேறொரு பார்லரின் விளம்பரம். பெயரை மாற்றியிருக்கிறார்கள். 'பின்' படத்தில் யாரோ ஒரு பெண். 'முன்' படத்தில் நான் இருட்டாக்கிய அதே முகம், கூராக்கிய அதே மறு. போன் எடுத்துப் பேசினேன். இன்டர்நெட்டில் கிடந்தது, எடுத்தோம் என்றார்கள். அழித்துவிட்டோம் என்று அன்று மாலையே செய்தி அனுப்பினார்கள். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.